தகட்டு அண்ணாச்சியின் கையெழுத்து

எங்கள் கம்பெனியில் அவரைக் கண்டால் எல்லோருக்கும் எரிச்சல்தான். எனக்குக் கொஞ்சம் கூடுதல். அவர் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களை டைப் அடிப்பவன் நான். அடித்து முடித்து நீட்டினால் மற்றவர்கள் வாங்கிக் கிறுக்கிவிட்டுப் போவார்கள். அவர் வாங்கவே மாட்டார். "அங்கன வையும். பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். காகிதம் என் மேஜையில் இரண்டு நாள் காற்றில் படபடத்துக்கொண்டு கிடக்கும்.

யுத்த காலம் அது. தூத்துக்குடி கடற்கரையில், பெட்ரோல் சேமித்து வைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தா. அவர் எலெக்ட்ரீஷியன். என்னைவிட இரண்டு வயது இளையவராகத்தான் இருப்பார். ஏரல் பக்கத்து ஆள். சட்டைப் பையில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு சாமான் எப்போதும் இருக்கும். பேனாக்கத்தி போல விரியும். உள்ளே கத்திக்குப் பதில் மெல்லிய எஃகுத் தகடுகள், ஒன்றைவிட ஒன்று மெல்லியதாகப் பத்துப் பன்னிரண்டு. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அந்தத் தகடுகளை நுழைத்துத்தான் பார்ப்பார். அதனால் தோணித் தொழிலாளிகள் முதல் மானேஜர் வரை எல்லோருக்கும் அவர் 'தகட்டு அண்ணாச்சி'. அவருடைய சொந்தப் பெயரை நான் சம்பளப் பட்டியலில் மாதம் ஒருமுறை அடிப்பேன். வேறு யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

அவர் வாயிலிருந்து 'சரி' என்ற சொல் லேசில் வராது. டீக்கடையில் "சீனி போதுமா அண்ணாச்சி?" என்றால்கூடக் குடித்துவிட்டுத்தான் தலையை ஆட்டுவார்.

பீடி நன்றாக ஊதுவார். ஆனால் கம்பெனி வாசலுக்கு எதிரே முள் அடர்ந்த ஒரு உடைமரம் உண்டு. காலையில் வந்ததும் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் அந்த மரத்தடியில் ஒரு கல்லுக்கு அடியில் வைப்பார். கல்லில் உரசினால் பொறி பறக்குமே என்று ஆணி அடித்த செருப்பைக் கழற்றுவார். பிறகு வாசல் காவல்காரரிடம் போய்த் தம் சட்டைப் பை, மடி எல்லாவற்றையும் உதறிக் காட்டுவார். காவல்காரர் கும்பிடுவார். "போதும் அண்ணாச்சி, உம்மத் தெரியாதா?" என்பார்.

"தெரிஞ்சா போதுமா? தீப்பெட்டி இருக்கா இல்லையான்னு பாரும்வே."

நான் அங்கே இருந்த ஐந்து வருஷமும் தினம் இதே பேச்சுதான். மானேஜர் மதராஸ்காரர், கோட்டுப் போடுபவர். அவருடைய கோட்டுப் பையிலிருந்தே ஒருநாள் சிகரெட் லைட்டரை எடுக்க வைத்துவிட்டார் அண்ணாச்சி. மானேஜர் அதை வெகுநாள் மறக்கவில்லை.

ஒருமுறை எங்கள் ஹெட் கிளார்க் தம் மகளுக்குத் தோடு செய்ய ஒரு ஜோடி முத்து வாங்கி வந்தார். ஆபீசே கூடிப் பார்த்தது. நம் கடலில் குளித்தெடுத்த முத்து என்று விற்றவன் சத்தியம் செய்தானாம். நாங்கள் ஆளுக்கு ஆள் "ஆஹா, என்ன நீரோட்டம்!" என்றோம். முத்தைப் பற்றி எங்களில் ஒருவனுக்கும் ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம். அண்ணாச்சியிடமும் நீட்டினார்கள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உருண்டையா இருக்கு. ரெண்டும் ஒரே அளவு. எந்தக் கடல்னு எனக்குத் தெரியாது. சிப்பியத் தொறக்கும்போது நான் அங்கன இல்லையே."

ஹெட் கிளார்க் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அதைவிட மோசமானது கல்யாணக் கதை. அவருடைய தெருப் பையனுக்குப் பெண் கொடுக்க நினைத்தவர்கள் விசாரிக்க வந்தார்கள். நம்மிடம் கேட்டால் என்ன சொல்வோம்? தங்கமான பையன், கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்போம். அண்ணாச்சி சொன்னாராம்: "காலைல ஏழு மணிக்கு சைக்கிள்ல போறதப் பாத்திருக்கேன். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வாரதப் பாத்திருக்கேன். நடுவுல என்ன செய்யுதான்னு எனக்குத் தெரியாது." பையன் அந்த நடுவில் ஒழுங்காக ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான், பாவம். கல்யாணம் மூன்று மாதம் தள்ளிப்போயிற்று.

இப்படிப்பட்ட மனிதரோடு எனக்கு வந்த வினை பம்பு அறையில் ஆரம்பித்தது.

அந்தக் காலத்தில் கப்பல்கள் கரைக்கு வராது. கடலுக்குள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். தோணிகள் போய்ப் பெட்ரோல் பீப்பாய்களை ஏற்றிவரும். கரையில் ஒரு பம்பு அறை. பீப்பாய்களிலிருந்து பெட்ரோலைத் தொட்டிக்கு இறைப்பது அங்கேதான். விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாது என்று யுத்தத்தை முன்னிட்டு ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பட்டப்பகலிலும் உள்ளே விளக்கு வேண்டும். பெட்ரோல் ஆவி எந்நேரமும் நிற்கும் இடம். ஒரு பொறி விழுந்தால் அறையும் மிஞ்சாது, உள்ளே நிற்கும் ஆளும் மிஞ்ச மாட்டான். அதற்காகவே சீமையிலிருந்து தனி விளக்குகள் வந்திருந்தன. கனத்த இரும்புப் பெட்டி, தடித்த கண்ணாடி, சுற்றிலும் போல்ட்டுகள். ஐந்து விளக்கு, மோட்டாருக்கு அதே மாதிரி ஒரு சுவிட்சுப் பெட்டி. ஆக ஆறு பெட்டி. ஒவ்வொன்றிலும், வெடிக்கும் ஆவியில் வைத்துச் சோதித்துத் தேறியது என்று முத்திரை அடித்த பித்தளைத் தகடு உண்டு.

ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அண்ணாச்சி அவற்றைத் திறந்து பார்த்துச் சோதனைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் பம்பு ஓடக் கூடாது. அதுதான் சட்டம்.

"அதான் சீமையிலயே சோதிச்சு முத்திரை போட்டிருக்கானே, நீர் வேற என்னத்தப் பாக்கப் போறீர்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அவன் அங்கன சோதிச்சப்ப எப்படி இருந்துச்சோ அதுக்குத்தான் முத்திர. இங்கன வந்து எவன் என்ன செஞ்சான்னு முத்திரைக்குத் தெரியுமாவே?"

அந்த ஐப்பசியில் மழை அடித்து ஊற்றியது. பம்பு அறைக் கூரை ஒழுகி, விளக்குப் பெட்டிகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, பல்புகள் அடிக்கடி போயின. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "மழைத் தண்ணி உள்ளே போகாமல் ஏதாவது செய்யச் சொல்லும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அண்ணாச்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் இரண்டு நாள் லீவில் ஏரலுக்குப் போயிருந்தார். வந்தாலும் என்ன, ஆறு நாள் இழுப்பார் என்று நினைத்தேன். அதனால் நேராகப் பம்பு அறைக்குப் போய் சூசையிடம் சொன்னேன்.

சூசை பம்பு அறை ஃபிட்டர். புன்னைக்காயல்காரர். இங்கே வருவதற்கு முன்னால் தோணிகளுக்குக் கலப்பத்துப் பார்த்தவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி, தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை. அவர் குடும்பத்தில் எல்லோருக்கும் அதுதான் தொழில். ஓர் இடுக்கைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"சூசை, பெட்டிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகக் கூடாது. தோணிக்குப் பாக்கிற மாதிரி கலப்பத்துப் பாத்துரும்" என்றேன்.

"அண்ணாச்சி வந்துரட்டுமே ஐயா, ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்" என்றார் அவர்.

"அதெல்லாம் நான் சொல்லிக்கிடுதேன். மானேஜர் உத்தரவு."

சூசை ஆறு பெட்டியையும் கழற்றி அழகாகக் கலப்பத்துப் பார்த்துவிட்டார். அடுத்த மழையில் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. மானேஜருக்கு மகிழ்ச்சி. எனக்கும் பெருமைதான். ஏதோ பெரிய காரியம் முடித்துவிட்டதுபோல நடந்தேன். லீவு முடிந்து வந்த அண்ணாச்சியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு வாரம் ஓடிவிட்டது.

ஆறு மாதச் சோதனை நாளும் வந்தது. கப்பல் வந்து நிற்கிறது. தோணிகள் பீப்பாய்களோடு கரையில் கிடக்கின்றன. சுமைக்காரர்கள் துண்டை விரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். மானேஜர் போன தடவைக் காகிதத்தைப் பார்த்து அப்படியே அடித்து வைக்கச் சொன்னார். நானும் அடித்து வைத்தேன்: ஆறு பெட்டியும் சோதிக்கப்பட்டன, குறை ஒன்றுமில்லை. "இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள், வேலை ஆரம்பிக்கட்டும். அப்புறமாக நிதானமாய்ப் பாருங்கள்" என்று அண்ணாச்சியிடம் நீட்டினார்.

அண்ணாச்சி காகிதத்தைத் தொடவில்லை. பம்பு அறைக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். பெட்டியின் மூடி இடுக்கில் ஒரு தகட்டை நுழைத்தார். நுழையவே கூடாத தகடு அது. நூல் அளவு உள்ளே போய் மெத்தென்று நின்றது. வெளியே இழுத்தார். நுனியில் ஒரு பஞ்சிழை.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் வெளியேற்றி, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். ஆறிலும் பஞ்சு, குங்கிலியம்.

"தண்ணீர் போகாமல் நன்றாகத்தானே அடைத்திருக்கிறது? ஆவியும் உள்ளே போகாது. இன்னும் பத்திரம்தானே?" என்றார் மானேஜர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

"ஆவி போகாத பெட்டின்னு ஒண்ணு கெடையாதுய்யா" என்றார் அண்ணாச்சி. "எப்படியும் உள்ள போகும். உள்ள ஒரு பொறி பட்டா வெடிக்கும். வெடிக்கட்டும்னுதான் இம்புட்டுக் கனமா செஞ்சிருக்கான். வெடிச்ச நெருப்பு இந்த ரெண்டு இரும்புக்கும் நடுவுல, மயிரிழை இடுக்குல நெருக்கிக்கிட்டு வெளிய வரணும். இரும்பு சூட்டக் குடிச்சிரும். வெளிய வரும்போது நெருப்பு இருக்காது, வெறும் புகைதான். இப்ப நடுவுல பஞ்ச வச்சி ரெண்டு இரும்பையும் வெலக்கி விட்டாச்சி. வெடிச்சா பஞ்சு பறந்துரும். பெறகு அது இடுக்கு இல்ல, வாசல். இந்த ரெண்டு வாரமா சூசை இதுக்குள்ளதான் நின்னு வேல பாத்திருக்கான்."

மானேஜர் கத்தினார். "யார் செய்தது?"

சூசை முன்னால் வந்தார். "நாந்தான்யா வச்சேன்."

"யாரைக் கேட்டு வைத்தாய்?"

சூசை என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தார் போல. எனக்கு மனைவி பிள்ளைபெறப் போயிருந்த நேரம். அரிசிக்கே வரிசையில் நிற்கும் காலம். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. இன்றுவரை நினைத்தால் எனக்கு என் மேல் அருவருப்புத்தான் வருகிறது.

"இன்றோடு உனக்கு வேலை இல்லை" என்றார் மானேஜர். அண்ணாச்சியிடம் திரும்பி, "சூசை தானாகவே பெட்டிகளைக் கெடுத்தான் என்று சோதனைப் புத்தகத்தில் எழுதும். மேலிடத்துக்குக் காட்ட வேண்டும்" என்றார்.

"பஞ்சு இருந்ததப் பாத்தேன், எழுதுதேன். அவன் தானா செஞ்சான்னு எழுத மாட்டேன்."

"அவனே ஒத்துக்கொண்டானே!"

"வச்சேன்னு சொன்னான். தானா வச்சேன்னு சொல்லலியே. நான் பாக்கல."

"உம் வேலையும் போகும்."

"போவட்டும்யா. பாக்காததுல கையெழுத்துப் போட்டுட்டு இந்த அறைக்குள்ள நான் எப்படி நிக்க?"

எங்களுக்கெல்லாம் ஐந்து வருஷமாக எரிச்சலூட்டிய அதே பேச்சு. சூசையின் சோறு அன்றைக்கு அந்தப் பேச்சில் தொங்கிக்கொண்டு நின்றது.

அண்ணாச்சியும் சூசையும் வெளியே மணலில் உட்கார்ந்து ஆறு மூடிகளையும் சுரண்டித் துடைத்தார்கள். சூசைக்கு வேலை போய்விட்டது, ஆனாலும் உட்கார்ந்து துடைத்தார். நான் ஆபீசில் டைப்ரைட்டர் முன்னால் வெறுமனே இருந்தேன். மதியம் அண்ணாச்சி உள்ளே வந்தார். கையெல்லாம் குங்கிலியப் பிசின். சோதனைப் புத்தகத்தை என் மேஜையில் விரித்தார். தம் எழுத்தில், கண்டது எல்லாவற்றையும் எழுதியிருந்தார். எத்தனை பெட்டி, எந்தப் பக்கம், எவ்வளவு பஞ்சு. அதற்குக் கீழே இரண்டு வரி காலியாக விட்டிருந்தார். கையெழுத்து இன்னும் போடவில்லை.

"சூசை என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. மானேஜர் பம்பு அறைக்குப் போயி நின்னு உத்தரவு போடுத ஆளு இல்ல. நடுவுல ஒரு ஆளு இருக்கணும். யாருன்னு நான் பாக்கல." பேனாவை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். "நான் பாத்தத நான் எழுதிட்டேன். வேற யாரும் பாத்திருந்தா எழுதட்டும்னு ரெண்டு வரி விட்டிருக்கேன்."

என்னைத் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து என் கை தெரியும் தூரம்தான்.

எழுதினேன். இடுக்குகளை அடைக்கும்படி சூசையிடம் சொன்னது நான். எலெக்ட்ரீஷியனைக் கேட்கலாம் என்று அவர் சொல்லியும் தடுத்தது நான். இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது. கீழே என் பெயரைப் போட்டேன். அண்ணாச்சி வந்து மை காயும்வரை பார்த்தார். பிறகு தம் கையெழுத்தைப் போட்டார். மூடிகளைப் பூட்டி, எல்லா இடுக்கிலும் தகட்டை வைத்துப் பார்த்து, சாயங்காலம் மூன்று மணிக்குப் பம்பை ஓட்ட விட்டார்.

சூசைக்கு வேலை நிலைத்தது. எனக்கு அந்த மாதக் கடைசியோடு போயிற்று. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

ஒரு பஞ்சாலையில் ஸ்டோர் குமாஸ்தா வேலை காலியாக இருந்தது. முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து யாராவது நல்லவிதமாக ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்றார்கள். மானேஜர் என்னைப் பார்க்கவே மறுத்துவிட்டார். ஹெட் கிளார்க் நழுவிவிட்டார். போயும் போயும் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். உடைமரத்தடியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். ஒரே வரி:

'இவர் தாம் செய்த தவறைத் தம் கையாலேயே சோதனைப் புத்தகத்தில் எழுதியதை நான் நேரில் பார்த்தேன்.'

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "என்னவே இது? தப்புச் செஞ்சவன்னு நீரே எழுதிக் குடுத்தா எவன் வேல குடுப்பான்? நாணயமானவர், உழைப்பாளின்னு ரெண்டு வார்த்த போடும்."

"மத்தத நான் பாக்கலியே" என்றார்.

வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோனேன். பஞ்சாலை மேலாளர் வயதானவர். பஞ்சுத் தூசி பறக்கும் இடம். அங்கேயும் ஒரு பொறியைக் கண்டால் பயம்தான். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "இதை எழுதியவர் இதற்கு மேல் ஒரு வார்த்தை போட மாட்டாரா?" என்றார்.

"மாட்டார்" என்றேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர் என்ன தவறு என்று கேட்டார். பஞ்சு, குங்கிலியம் எல்லாவற்றையும் சொன்னேன். "நாளைக்கு வந்து வேலை உத்தரவை வாங்கிக்கொள்ளும்" என்றார்.

ஓடிவந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். "உத்தரவு கையில வந்துட்டா?" என்றார்.

"நாளைக்குத் தாராங்க."

"அப்ப நாளைக்குச் சொல்லும்" என்று பீடியை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இந்த மனிதரிடம் போய்ச் சந்தோஷத்தைச் சொன்னேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

மறுநாள் மத்தியானம் உத்தரவோடு பஞ்சாலை வாசலுக்கு வந்தால், எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். கையை நீட்டினார். காகிதத்தைக் கொடுத்தேன். முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை வெயிலில் நின்று படித்தார். மடிப்புக் கலையாமல் மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார்.

"சரி" என்றார்.